ஞாயிறு பள்ளியும் எழுத்தும்

நம்மில் பலர் முதன்முதலாக மேடை ஏறியது ஞாயிறு பள்ளியில்தான். கிறிஸ்தவரல்லாத தோழர்களும் கோடை விடுமுறையில் வி.பி.எஸ். நடந்த கோயிலுக்குப் பாட்டுக்காகவோ மிட்டாய்க்காகவோ போயிருப்பார்கள். மனப்பாட வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கிய நாம், அந்தப் பள்ளி எதற்காகத் தோன்றியது என்று கேட்டதில்லை. இன்று கேட்போம்.

1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் பத்திரிகை நடத்திய ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய பள்ளியிலிருந்து இந்த இயக்கம் பரவியது. வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மட்டுமே ஓய்வு. வேதம் வாசிக்க எழுத்து தெரிய வேண்டும். ஆகவே அது எழுத்தறிவுப் பள்ளியாகவும் இருந்தது. எவ்வளவு எழுத்து என்பதில்தான் சண்டை. 1789 முதல் மெண்டிப் மலைப்பகுதியில் பள்ளிகள் நடத்திய ஹன்னா மோர், ஏழைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். எழுதச் சொல்லிக்கொடுக்க மறுத்தார். வாசிக்கிறவன் கட்டளையைப் படிப்பான், எழுதுகிறவன் மனுப் போடுவான் என்று நாம் இதைப் புரிந்துகொள்கிறோம். அந்த வாசிப்பையே பொறுக்காத பெரும் விவசாயிகளும் அங்கே இருந்தார்கள்.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் வாசிப்பும் போயிற்று. அடிமைகளுக்கு எழுத்து கற்பிப்பதை ஜார்ஜியா மாநிலம் 1829இல் சட்டம் போட்டுத் தடுத்தது. 1831இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் கலகம் செய்தார். அவர் வாசிக்கத் தெரிந்தவர், பிரசங்கியும்கூட. அதன்பின் கெடுபிடி இன்னும் கூடியது. அந்தச் சூழலில் சார்லஸ் கோல்காக் ஜோன்ஸ் என்ற போதகர், தாமே அடிமைகளை வைத்திருந்தவர், வாய்மொழி ஞானோபதேசத்தை வகுத்தார். ஆசிரியர் கேள்வி கேட்பார், பதிலையும் அவரே சொல்லிக்கொடுப்பார், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். எஜமானுக்குக் கீழ்ப்படிவதும் அதில் ஒரு பாடம். புத்தகம் ஆசிரியர் கையில் மட்டும். மனப்பாடத்துக்கு இப்படியும் ஒரு பூர்வீகம் உண்டு.

இதற்கு எதிர்ப்பள்ளி ஒன்றும் இருந்தது. மேரிலாந்தில் அடிமையாக இருந்த பிரெடரிக் டக்ளஸ், இளைஞராக, ஓய்வுநாள் பள்ளியில் தம் மக்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். முதல் முயற்சியைத் தடியோடு வந்து கலைத்தவர்களில் சபையின் வகுப்புத் தலைவர்களும் இருந்தார்கள். அதே வேதம், அதே ஞாயிறு! பின்னர் சுதந்திரக் கறுப்பர் ஒருவரின் வீட்டில் மறைவாக மீண்டும் நடத்தினார். ஒரு கட்டத்தில் 40 பேருக்கு மேல் படித்தார்கள். அந்த வீட்டுக்காரரின் பெயரை 1845இல் வெளியான தன்வரலாற்றில் டக்ளஸ் எழுதவில்லை. எழுதினால் அவருக்கு ஆபத்து என்று அவருக்குத் தெரியும்.

அந்த எதிர்ப்பள்ளியின் வழித்தோன்றலாகவே பர்மிங்ஹாம் 16வது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தை நாம் பார்க்கிறோம். 1963 மே 2 அன்று பள்ளிக்கூடத்தை விட்டு வந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அங்கே கூடி, அணி அணியாக வெளியே நடந்து கைதானார்கள். மறுநாள் அவர்கள்மேல் தீயணைப்புக் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சினார்கள், நாய்களை ஏவினார்கள். அகிம்சைப் பயிற்சி, பாட்டு, சிறைக்குப் போகும் முறை எல்லாம் கோயிலுக்குள் கற்றவை. சிறுவர் ஊழியம் என்ற சொல்லுக்கு இத்தனை பொருள் இருக்க முடியும் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு. அன்று இளைஞர் ஆராதனை. அதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், டெனிஸ் மெக்னேர் ஆகிய நால்வரும் வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டில் இறந்தார்கள். மூவருக்கு வயது 14, டெனிசுக்கு 11. அன்றைய ஞாயிறு பள்ளிப் பாடம் மன்னிக்கும் அன்பு.

குற்றவாளிகளில் ஒருவருக்கு 1977இல் தண்டனை கிடைத்தது. மற்ற இருவருக்கு 2001இலும் 2002இலும். கீழ்வெண்மணித் தீர்ப்பைப் படித்த நமக்கு இந்த ஆண்டுகளை எண்ணத் தெரியும்.