லேவியராகமத்தில் வாசியாது விட்ட ஏடு

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனின் வரலாற்றை எழுதுவோர் அச்சியந்திரத்திலும் அகராதியிலும் தொடங்குவது வழக்கம். நாம் ஓர் அடுக்களையில் தொடங்குகின்றோம். 1816ஆம் ஆண்டில் தெல்லிப்பழையையும் வட்டுக்கோட்டையையும் தமது முதல் நிலையங்களாக்கிக் கொண்ட அமெரிக்கப் பாதிரிமார், சில ஆண்டுகளுக்குள் விடுதிப் பாடசாலைகளையும் ஏற்படுத்தினர். பிள்ளைகள் வந்தனர். படிக்கவும் பாடவும் வேதவசனம் ஒப்புவிக்கவும் சம்மதித்தனர். ஆனால் கிறிஸ்தவர் குடியிருக்கும் வளவுக்குள் ஆக்கிய சோற்றை உண்ண மறுத்தனர். ஆகவே வளவுக்கு வெளியே, சைவர் ஒருவருடைய காணியில், சாதியாசாரம் குன்றாத கைகளால் சமைக்கும் ஓர் அடுக்களை எழும்பிற்று. ஆன்மாவுக்கு உணவு வேலிக்கு உள்ளே, உடலுக்கு உணவு வேலிக்கு வெளியே.

இதைச் சொல்லிப் பாதிரிமாரை எள்ளி நகையாடுவது நமது நோக்கமன்று. பள்ளிக்கூடம் நடக்கவேண்டுமாயின் பிள்ளைகள் இருக்கவேண்டும். பிள்ளைகள் இருக்கவேண்டுமாயின் பெற்றோர் இணங்கவேண்டும். சிறிது காலத்துக்கான விட்டுக்கொடுப்பென்றே அவர்கள் எண்ணியிருப்பர். பின்னர் பிள்ளைகளின் தயக்கம் தளர்ந்தது, அடுக்களையும் வளவுக்குள் வந்தது. எனினும் அந்த வேலி மனத்தைவிட்டு எளிதில் அகலவில்லை என்பதே நாம் ஆராய விரும்பும் பொருள். சுவிசேஷக் கிறிஸ்தவத்தின் இறையியல் இன்று நலமாக இருக்கின்றதா என்ற கேள்வி உலகெங்கும் அந்த மதத்தினரிடையேயே எழுந்திருக்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தமட்டில் அக்கேள்விக்குரிய விடையை இரு நூற்றாண்டு வரலாற்றில் தேடுவதே பொருந்தும்.

இம்மிஷனரிமாரின் மூலவேர் மசாசூசெற்ஸ் மாநிலத்து அண்டோவர் இறையியற் கல்லூரியில் இருந்தது. அங்கிருந்த மாணவரின் ஆர்வமே 1810இல் அமெரிக்க மிஷன் சங்கம் தோன்றக் காரணமாயிற்று. தனிமனிதன் தன் பாவத்தை உணர்ந்து மனந்திரும்பவேண்டும், அத்திரும்புதல் அனுபவமாக வெளிப்படவேண்டும், வேதாகமமே இறுதிப் பிரமாணம் என்பன அவர்தம் கொள்கைகள். அவர்களுடைய ஞானத் தந்தையருள் ஒருவராகிய சாமுவேல் ஹொப்கின்ஸ், தன்னலம் கடந்த நன்மையே உண்மையான புண்ணியம் எனப் போதித்தவர். அந்தப் போதனையைத் தர்க்கரீதியாகக் கொண்டுசென்று அடிமை வியாபாரத்தை எதிர்த்து எழுதியவரும் அவரே. ஆகவே, சமுதாயத்தைப் பற்றிப் பேசுவதற்குரிய சொற்கள் இந்த இறையியலில் இல்லையென்று எவரும் கூறமுடியாது. சொற்கள் இருந்தன.

அச்சொற்களுக்கு யாழ்ப்பாணத்தில் வேலையும் இருந்தது. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமைச் சட்டம் கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் ஆகியோரை அடிமைகளென வரையறுத்திருந்தது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த ஆண்டு 1844. அதாவது, மிஷனரிமார் வந்திறங்கிய பின்னரும் ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள், அவர்கள் பிரசங்கித்த கிராமங்களில் மனிதரை மனிதர் உடைமையாக வைத்திருக்கச் சட்டம் இடங்கொடுத்தது. சட்டம் மாறிய பின்னரும் காணியும் கிணறும் கோயில் வாசலும் உடையவர் கையிலேயே இருந்தன.

அதே வேளையில் அமெரிக்காவிலும் அந்தச் சங்கத்துக்கு ஒரு சோதனை வந்தது. செரோக்கி, சொக்டோ என்னும் செவ்விந்தியக் குலத்தாரிடையே அது அமைத்த சபைகளில் அடிமைகளை வைத்திருப்போரும் உறுப்பினராக இருந்தனர். அவர்களை விலக்குக என்று அடிமை ஒழிப்பாளர் கோரினர். அடிமை வைத்திருத்தல் ஒன்றே ஒருவனைச் சபைக்குப் புறம்பாக்கப் போதாது என்னும் நிலையை 1845இல் சங்கம் மேற்கொண்டது. அதிருப்தியுற்றோர் 1846இல் வேறொரு மிஷன் சங்கம் கண்டனர். ஆன்மா முதலில், சமுதாயம் பிறகு என்ற ஒழுங்கு இவ்வாறு ஒரு கொள்கையாகவே இறுகிவிட்டது. பிறகு என்பது எப்போது என்று எவரும் நாள் குறிக்கவில்லை.

வேறு வழி இருக்கவில்லை என்று வாதிடுவோருக்கு 1847ஆம் ஆண்டை நினைவூட்டலாம். அவ்வாண்டில் இதே சங்கத்தின் மதுரை மிஷன், சாதி துறந்ததற்கு அடையாளமாக எல்லோரும் ஒருங்கிருந்து உண்ணவேண்டுமென வற்புறுத்தியது. மறுத்த ஊழியர் பலரை விலக்கவும் துணிந்தது. யாழ்ப்பாணத்திலும் அதே ஆண்டில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவலின் பாடசாலையில் நளவர் குலத்துச் சிறுவன் ஒருவன் சேர்க்கப்பட்டான். உயர்சாதி மாணவர் பலர் வெளியேறினர். பேர்சிவல் அசையவில்லை. ஆங்கிலேயப் பாதிரிமார்மீது நாம் சுமத்தும் குற்றங்கள் பல. இந்த ஒரு செய்கையை அவர் கணக்கில் வரவு வைக்காமலிருப்பது நேர்மையாகாது.

பேர்சிவலின் வேதாகம மொழிபெயர்ப்புக்கு உறுதுணையாயிருந்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அந்த வேலை அவரை வேதாகமத்தின் ஒவ்வொரு மூலைக்கும் அழைத்துச் சென்றது. மிஷனரிமார் சைவரின் தீபம், தூபம், அபிஷேகம், நைவேத்தியம் யாவற்றையும் அஞ்ஞானமென்று ஏளனஞ் செய்துகொண்டிருந்த காலம் அது. 1854இல் வெளிவந்த ‘சைவதூஷண பரிகாரம்’ என்னும் நூலில் நாவலர் அவர்களுடைய நூலையே அவர்கள்முன் விரித்துவைத்தார். யெகோவாவின் ஆசரிப்புக் கூடாரத்தில் விளக்கில்லையா, தூபபீடம் இல்லையா, பலியும் காணிக்கையும் இல்லையா, ஆசாரியனுக்கு ஸ்நானமும் விசேஷ வஸ்திரமும் விதிக்கப்படவில்லையா என்பது அவர் வாதத்தின் சாரம். யாத்திராகமமும் லேவியராகமமும் அவர் கையில் சைவக் கிரியைகளுக்குச் சாட்சிகளாயின. தமிழ் வாத வரலாற்றில் இத்துணைக் கூர்மையான அடி அதிகமில்லை.

மிஷனரிமாரிடம் இதற்கொரு மறுமொழி இருந்தது. பழைய ஏற்பாட்டுச் சடங்குகள் நிழல்கள், கிறிஸ்துவில் அவை நிறைவேறிவிட்டன, இனி அவை வேண்டா என்பது அது. கிறிஸ்தவ இறையியலின்படி இம்மறுமொழியில் பிழையில்லை. ஆனால் சடங்கை ஒதுக்கிய அதே வீச்சில் நியாயப்பிரமாணத்தின் பிறபகுதிகளும் பழங்கதையாகிவிட்டன. லேவியராகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம் ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை விற்கப்பட்ட நிலம் பழைய குடிகளுக்கே மீளவேண்டுமென்றும், கடனால் அடிமைப்பட்டவன் விடுதலை பெறவேண்டுமென்றும் விதிக்கின்றது. உபாகமத்தின் பதினைந்தாம் அதிகாரம் ஏழாண்டுக்கு ஒருமுறை கடனைத் தள்ளிவிடச் சொல்கின்றது. நாவலர் லேவியராகமத்தைத் திறந்தது தீபத்துக்கும் தூபத்துக்கும் ஆகவே. சாதியாசாரத்தை விட்டுக்கொடுக்காத அவரிடம் வேறொன்றை எதிர்பார்த்தல் தகாது. பாதிரிமார் அதை மூடியதும் தீபத்தையும் தூபத்தையும் மறுப்பதற்காகவே. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து பத்தாண்டுகளே கழிந்திருந்த ஒரு நாட்டில், நிலத்தையும் அடிமையையும் பற்றிய ஏடு இரு சாராருடைய வாதத்துக்கும் வேண்டாததாயிற்று.

இதன் விளைவை வட்டுக்கோட்டை செமினரியின் முடிவில் காண்கின்றோம். 1823இல் தொடங்கிய அக்கல்லூரி வானசாஸ்திரமும் கணிதமும் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே போதித்தது. அக்கால ஆசியாவில் அதற்கு நிகரானவை சிலவே. 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சனும் அவருடைய குழுவினரும் அதை ஆராய்ந்தனர். மாணவர் நாடியது ஆங்கிலத்தையும் அரசாங்க உத்தியோகத்தையும். சபையிற் சேர்ந்தோர் மிகச் சிலர். செமினரி மூடப்பட்டது. உள்ளூர்ச் சபை தன்னைத் தானே ஆளவும், தன் செலவைத் தானே தாங்கவும், தன் செய்தியைத் தானே பரப்பவும் வேண்டும், அதுவும் தாய்மொழியில் என்பது அண்டர்சன் கொள்கை. தாய்மொழியில் உயர்கல்வி இயலாததன்று என்பதை மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் 1864 முதல் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்துக் காட்டினார். எனினும் உள்ளூர்க் கிறிஸ்தவருள் செல்வாக்குடையோர் கேட்டது ஆங்கிலக் கல்லூரியையே. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

செமினரியின் மாணாக்கராகிய கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாயினர் என்பது பெருமையோடு சொல்லப்படும் செய்தி. இருவரும் பின்னர் சைவத்துக்குத் திரும்பினர் என்பது தாழ்ந்த குரலிற் சொல்லப்படுவது. தாமோதரம்பிள்ளையின் பதிப்புக்களுக்குத் தமிழ் கடன்பட்டுள்ளது. அவர் எந்தச் சமயத்தில் நின்றார் என்பது நமக்கு முக்கியமன்று. ஆனால் இறையியல் நலத்தை அளப்போருக்கு அது முக்கியமே. மிஷன் இங்கு வெற்றியோடு உருவாக்கியது ஒரு வர்க்கத்தை. ஆங்கிலம் கற்ற, உத்தியோகம் பார்க்கும், பெரும்பாலும் வேளாள மத்தியதர வர்க்கம் அது. அவ்வர்க்கத்துக்குக் கிறிஸ்தவம் படிக்கட்டாயிற்று. ஏறியபின் சிலர் அதை வைத்துக்கொண்டனர், சிலர் விட்டுவிட்டனர்.

அந்தப் படிக்கட்டிலிருந்தே சில நல்லவர்களும் வந்தனர் என்பதை மறப்பதற்கில்லை. யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்து அங்கேயே ஆசிரியராயிருந்த ஹன்டி பேரின்பநாயகத்தின் தலைமையில் 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. அது சமாசனத்துக்கும் சமபந்தி போசனத்துக்கும் குரல்கொடுத்தது. அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ஆசனம் வேண்டுமென்ற விதி 1920களின் இறுதியில் வந்தபோது குடாநாடு கொதித்தது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் அதுவரை நிலத்திலும் தாழ்ந்த வாங்குகளிலும் இருந்த பாடசாலைகளுள் கிறிஸ்தவர் நடத்தியவையும் இருந்தன. வட்டுக்கோட்டை அடுக்களைக்கு நூறாண்டு கழிந்த பின்னரும் வேதாகமம் ஒரே வாங்கில் வைத்து வாசிக்கப்படவில்லை.

1968ஐப் பாருங்கள். அவ்வாண்டு சுவீடனில் உப்சலா நகரில் கூடிய உலகத் திருச்சபை மன்றத்தில் தொடக்கப் பிரசங்கம் செய்ய இருந்தவர் மார்ட்டின் லூதர் கிங். அவர் ஏப்ரலில் கொல்லப்படவே, அவ்விடத்தில் நின்று பேசியவர் நமது யாழ்ப்பாணத்தவர் டி. ரி. நைல்ஸ். சுவிசேஷக் கிறிஸ்தவத்தின் இறையியல் நமது மண்ணில் அடைந்த உயர்ந்த சிகரங்களுள் அவர் ஒருவர். 1964இல் கிறிஸ்தவத்தையும் இந்து சமயத்தையும் அருட்கோட்பாட்டின்வழி ஒப்பிட்டு நூலெழுதிய பேராயர் சபாபதி குலேந்திரன் இன்னொருவர். அதே 1968இல், பாதிரிமார் முதன்முதல் குடியேறிய தெல்லிப்பழையை அடுத்த மாவிட்டபுரத்தில், கோயில் வாசலைத் திறக்கக் கோரி ஒடுக்கப்பட்ட மக்கள் அடிபட்டுக்கொண்டிருந்தனர். வாசலை மறித்து நின்றோருக்கு மேனாள் மந்திரி சி. சுந்தரலிங்கம் தலைமை தாங்கினார். திறக்கச் சொல்லிப் போராடிய மக்களுக்குத் துணைநின்று இயக்கம் கட்டியவர்கள் பொதுவுடைமையாளர்.

கிணற்றங்கரையில் சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்ட கதையை யாழ்ப்பாணத்தானுக்கு விளக்கவேண்டியதில்லை. தண்ணீர் அள்ள உரிமையில்லாமல் குடத்தோடு காத்துநின்ற பெண்களை அவன் தன் ஊரிலேயே கண்டிருக்கின்றான். டொமினிக் ஜீவா தமது கதைத்தொகுதிக்கு ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்று பெயரிட்டு 1960இல் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றபோது அவர் பேசியதும் அந்த உலகத்தையே. கிறிஸ்தவப் பெயர் தாங்கிய டானியலும் ஜீவாவும் தமது விடுதலைச் சொற்களைப் பிரசங்க பீடத்திலன்றி இடதுசாரி இயக்கத்திலேயே கண்டுகொண்டனர்.

2009இல் போர் முடிந்தபின் குடாநாட்டிலும் வன்னியிலும் பெந்தெகொஸ்தே மரபைச் சேர்ந்த சுயாதீன சபைகள் பெருகியுள்ளன. தகரக் கொட்டகையில் ஜெபம், நோய் நீங்க மன்றாட்டு, கண்ணீரோடு சாட்சி. பழைய சபைகள் எட்டிப்பாராத குடியிருப்புக்களுக்கு இவை செல்கின்றன. மகனைப் போரிற் பறிகொடுத்த தாயைப் பெயர்சொல்லி அழைத்துப் பக்கத்தில் இருத்துகின்றன. இதை இகழ்வோர் முதலில் அந்தத் தாயின் வீட்டுக்கு ஒருமுறை போய்வரட்டும். மறுபுறத்தில், மதமாற்றத்தைத் தடுக்க 2004இல் பாராளுமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தது. புதிய வழிபாட்டிடங்களுக்கு முன்அனுமதி வேண்டுமென்று 2008இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. 2016இல் சிவசேனை என்ற பெயரில் ஓர் அமைப்பும் வந்தது. ஒரு தரப்பு மதமாற்றம் என்கின்றது, மறு தரப்பு மத சுதந்திரம் என்கின்றது. சுதந்திரம் காக்கப்படவேண்டியதே. ஆனால் இவ்வாதம் முழுவதிலும் அந்த மக்களின் காணியும் கடனும் பேசப்படுவதில்லை. 1854ஆம் ஆண்டின் வாதம் பெயர் மாறி நடப்பதுபோல் நமக்குத் தோன்றுகின்றது.

போருக்குப் பின் நுண்கடன் நிறுவனங்கள் வடக்கின் கிராமங்களுக்குள் வந்தன. பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுத்தன. வாரந்தோறும் வாசலுக்கு வந்து தவணை வசூலித்தன. ஒரு கடனை அடைக்க வேறொரு கடன் வாங்கும் நிலை பரவி, தற்கொலைகளும் நேர்ந்தபின், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை நீக்கும் திட்டமொன்றை 2018இல் அரசாங்கம் அறிவித்தது. தகரக் கொட்டகைகளில் கண்ணீரோடு முழந்தாளிடுவோருள் இப்பெண்களும் இருக்கின்றனர். கடன் தீர அற்புதம் வேண்டி அவர்களுக்காக மன்றாடப்படுகின்றது. அவர்கள் மடியிலிருக்கும் அதே வேதாகமத்தில், கடனைத் தள்ளுக என்பது கடன்பட்டவளுக்குச் சொல்லப்பட்ட ஆறுதலாக அன்றி, கடன் கொடுத்தவனுக்கு இடப்பட்ட கட்டளையாகவே எழுதப்பட்டிருக்கின்றது. அந்த அதிகாரத்தை எடுத்துப் பிரசங்கிப்பதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தடைவிதிக்கவில்லை.