நிகழ்பட ஓடைச் சோதனை

நிகழ்பட ஓடைச் சோதனை என்பது, இணையம் வழியே வீடியோ காட்டும் ஸ்ட்ரீமிங் சேவைகள் பயனரின் திரையில் ஒழுங்காக இயங்குகின்றனவா என ஆராயும் மென்பொருள் சோதனை முறைகளைக் குறிக்கும். சாதாரண இணையத்தளத்தில் பக்கம் திறந்ததா, பொத்தான் இயங்கியதா என்று பார்த்தால் பெரும்பாலும் போதும். இங்கு அது போதாது. வழங்கி பிழையின்றி விடையளித்திருக்கும்; திரையிலோ சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும். இதனால் திரையில் தெரிவதையே மதிப்பிடும் செயற்கை நுண்ணறிவும், நிரல் எழுதத் தெரியாதவரும் சோதனை அமைக்க உதவும் குறைநிரல் கருவிகளும் இத்துறையில் இடம்பெற்றுள்ளன.

அளக்கப்படுபவை

2009 இல் ஆப்பிள் நிறுவனம் அறிமுகப்படுத்திய எச்.எல்.எஸ்., 2012 இல் அனைத்துலகத் தரமாக வெளிவந்த எம்பெக்-டேஷ் ஆகிய முறைகளில் நிகழ்படம் சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் சேமிக்கப்படும். இணைப்பின் வேகத்தைப் பார்த்து, அடுத்து எந்தத் தரத்தைப் பெறுவது என்பதைப் பயனரின் கருவியே தீர்மானிக்கிறது. எனவே படம் தொடங்க எடுக்கும் நேரம், இடையில் நின்ற நேரம், தரம் மாறிய தடவைகள், ஒலிக்கும் உதட்டசைவுக்கும் உள்ள இடைவெளி ஆகியன அளக்கப்படுகின்றன.

படம் எவ்வளவு தெளிவு என்பதை அளப்பது கடினம். நெட்ஃபிளிக்ஸ் 2016 இல் திறமூலமாக வெளியிட்ட விமாஃப் என்னும் அளவை இதற்குப் பெயர்பெற்றது. மனிதர்கள் பார்த்து இட்ட மதிப்பெண்களைக் கொண்டு பயிற்றப்பட்ட இயந்திரக் கற்றல் மாதிரி, மூலப் படத்தையும் சுருக்கப்பட்ட படத்தையும் ஒப்பிட்டு 0 முதல் 100 வரை மதிப்பிடுகிறது. மூலப் படம் கையில் இருந்தால்தான் இது இயங்கும். பயனரின் கைபேசியில் ஓடும் நேரடி ஒளிபரப்புக்கு, மூலம் இன்றியே மதிப்பிடும் வேறு மாதிரிகள் தேவை.

குறைநிரல் கருவிகள்

2004 இல் தொடங்கிய செலினியம், உலாவியைத் தானாக இயக்கிச் சோதிக்கும் திறமூல மென்பொருளாகும். அதன் ஐ.டி.இ. நீட்சி, பயனர் சொடுக்குவதைப் பதிந்து திரும்ப ஓட்டும். இன்றைய குறைநிரல் கருவிகள் பல இவ்வெண்ணத்தின் வளர்ச்சியே.

கட்டளையை எழுத்தில் எழுதாமல் இயந்திரத்தை இயக்குவது அதைவிடப் பழையது. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியில் வளர்ந்தவர்களுக்கு ஜக்கார்டு அட்டைகளைத் தெரிந்திருக்கும். கட்டம் போட்ட தாளில் வரைந்த புட்டாவை அட்டையில் துளைகளாக்கி, அதைக் கொண்டு பாவு இழைகளை உயர்த்துவது 1804 முதல் உள்ள முறை. அட்டையில் ஒரு துளை தவறினால் அத்தவறு சேலை முழுவதும் திரும்பத் திரும்ப வரும். பதிந்து ஓட்டும் சோதனைக்கும் இதே குணம் உண்டு.

பொத்தான் இடம் மாறினால் பதிந்த சோதனை முறிந்துவிடும். செயற்கை நுண்ணறிவு சேர்ந்த கருவிகள் திரையை ஆராய்ந்து பொத்தானைத் தாமே தேடிக்கொள்கின்றன. இது வசதிதான். ஆனால் பொத்தான் தவறுதலாக இடம் மாறியிருந்தாலும் சோதனை வெற்றி என்றே அறிக்கை வரக்கூடும்.

ஸ்ட்ரீமிங்கில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. திருட்டுப் பதிவைத் தடுக்கும் காப்பு உள்ள படத்தைத் திரைப்பிடிப்பு செய்தால் பெரும்பாலும் கறுப்புச் சட்டமே கிடைக்கும். ஆகவே தொலைக்காட்சிக்கு எதிரே நிழற்படக்கருவியை வைத்து, தொலையியக்கியின் அகச்சிவப்புச் சைகைகளைக் கணினி மூலம் அனுப்பிச் சோதிப்பதும் உண்டு.

ஹாட்ஸ்டார் 2019

இந்தியாவில் அதிகம் பேசப்பட்ட எடுத்துக்காட்டு ஹாட்ஸ்டாருடையது. 2019 மே 12 அன்று சென்னை அணி ஒரே ஓட்டத்தில் தோற்ற ஐ.பி.எல். இறுதியாட்டத்தை ஒரே சமயத்தில் 1.86 கோடிப் பேர் பார்த்தனர். சூலை 10 அன்று நடந்த இந்தியா-நியூசிலாந்து உலகக்கிண்ண அரையிறுதியில் இது 2.53 கோடியை எட்டியது.

இதற்கு முன்னேற்பாடாக, அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் 'ஹல்க்' என்ற சோதனை அமைப்பை உருவாக்கியிருந்தனர். அமேசான் மேகக்கணிமையின் எட்டுப் பகுதிகளில் 3000 க்கு மேற்பட்ட வழங்கிகள், ஒவ்வொன்றும் 36 மெய்நிகர் சிபியு கொண்டவை, பொய்ப் பயனர்களாக நடித்துச் சேவையைத் தாக்கின. பயனர் வரத்தின் போக்கை அறிய இயந்திரக் கற்றலும் பயன்பட்டது. கூட்டம் திடீரெனப் பாயும் சூழலுக்கான சோதனைக்கு அவர்கள் இட்ட பெயர் 'சுனாமி'.

ஏற்றத்தைப் போலவே இறக்கமும் ஆபத்தானது என்பதே இதில் கற்க வேண்டியது. அரையிறுதியில் தோனி ஆட்டமிழந்ததும் பார்வையாளர் பெருந்தொகையாக வெளியேறினர். வெளியேறியவர்கள் செயலியை மூடவில்லை. பின்செல்லும் பொத்தானை அழுத்தி முகப்புப் பக்கத்துக்கு வந்தனர். நிகழ்படச் சுமை குறைந்த அதே நிமிடத்தில் முகப்புப் பக்கத்தின் சுமை ஏறியது. ஆட்டத்தைக் காட்டும் பகுதியை மட்டும் சோதித்தவருக்கு இது தெரியாது. நெருக்கடியில் பரிந்துரை போன்ற முதன்மையற்ற வசதிகளை நிறுத்தி, படத்தை மட்டும் காப்பாற்றும் ஏற்பாடும் வைக்கப்பட்டிருந்தது.

2023 நவம்பர் 19 உலகக்கிண்ண இறுதியாட்டத்தில் ஒரே சமயப் பார்வையாளர் 5.9 கோடியைத் தொட்டனர். 2025 பெப்ரவரியில் இச்சேவை ஜியோசினிமாவுடன் இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனது.

தமிழ் எழுத்துகளும் சோதனையும்

தமிழ்த் துணைத்தலைப்புகளின் பிழைகள் சோதனையில் எளிதில் தப்பிவிடுகின்றன. ஒருங்குறியில் 'கெ' என்பது முதலில் ககரம், அடுத்துக் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னால் வரவேண்டும். எழுத்துகளை இணைத்துக் காட்டும் நிரல் இல்லாத தொலைக்காட்சிப் பெட்டியில் கொம்பு பின்னாலேயே நின்றுவிடும். சேமித்த உரையை மட்டும் ஒப்பிடும் சோதனைக்கு இரண்டும் ஒன்றே. திரைப் படத்திலிருந்து எழுத்துணரி மூலம் படித்தால் பிழை அகப்படலாம். ஆனால் சொல்லை ஊகித்துப் படிக்கும் எழுத்துணரி, சிதைந்த சொல்லைத் தானே திருத்திப் படித்துவிடவும் கூடும். எனவே கெ, கொ, கௌ, ஸ்ரீ முதலியன வரும் சில வரிகளை ஓடவிட்டு, ஒவ்வொரு வகைப் பெட்டியிலும் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் நேரில் பார்ப்பது நல்லது. அவர் நிரலராக இருக்க வேண்டியதில்லை.