குடும்ப வன்முறையும் குழந்தைப் பொறுப்பும்: ஆஸ்திரேலியச் சட்டத்தின் ஊசலாட்டம்

பெற்றோர் பிரிந்தபின் குழந்தை யாரிடம் வளர்வது, மற்றவர் அதை எப்போது, எப்படிப் பார்ப்பது ஆகியவற்றை ஆஸ்திரேலியாவில் 1975ஆம் ஆண்டின் குடும்பச் சட்டம் வகுக்கிறது. பிரியும் தம்பதியரில் பெரும்பாலோர் இவற்றைத் தாங்களாகவோ சமரசப் பேச்சிலோ முடித்துக்கொள்கிறார்கள். நீதிமன்றத்தையே முக்கிய வழியாக நாடுபவர்கள் சுமார் 3 விழுக்காட்டினர்தான். அடி, மிரட்டல், போதை, மனநோய் என்று சிக்கல் முற்றிய குடும்பங்கள் குவிவதும் அங்கேதான். ஆகவே குடும்ப நீதிபதிக்கு வன்முறைப் புகார் அன்றாடப் பாடு.

வன்முறை வீட்டுக்குள் நடக்கிறது. வெளிச் சாட்சி அபூர்வம். புகார் உண்மையா பொய்யா என்று தெரியாத நிலையிலேயே குழந்தையின் அடுத்த வார இறுதியை நீதிபதி தீர்மானித்தாக வேண்டும். இதற்கான அளவுகோலை 1988இல் 'எம் எதிர் எம்' வழக்கில் உயர் நீதிமன்றம் தந்தது (அந்நாட்டில் அதற்கு மேல் நீதிமன்றம் இல்லை). மகளிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாகத் தந்தைமீது புகார். நடந்ததாக விசாரணை நீதிபதிக்கு உறுதிப்படவில்லை. நடக்கவேயில்லை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. தந்தை மகளைச் சந்திக்க அந்த நீதிபதி அனுமதி மறுத்தார். உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. தந்தை குற்றவாளியா என்பது குற்றவியல் நீதிமன்றத்தின் வேலை. சந்திப்பால் குழந்தைக்கு 'ஏற்க முடியாத அபாயம்' உண்டா என்பதே குடும்ப நீதிமன்றத்தின் கேள்வி என்றது. அபாயத்தை எடைபோடுவது வருங்காலத்தைக் கணிக்கும் வேலை, அதற்குக் கடந்தகாலச் சம்பவம் ஒவ்வொன்றும் நிரூபணமாகியிருக்க வேண்டியதில்லை என்று 2022இல் 'ஐல்ஸ், நெலிசன்' மேல்முறையீட்டுத் தீர்ப்பு மேலும் தெளிவாக்கியது.

நீதிமன்றங்களின் அளவுகோல் இப்படி ஓரளவு நிலைத்திருக்க, நாடாளுமன்றம்தான் இங்கும் அங்குமாகச் சாய்ந்தது.

2006 திருத்தம் அதில் பெரிய சாய்வு. விவாகரத்தால் பிள்ளைகளை இழக்கிறோம் என்ற தந்தையர் அமைப்புகளின் குரல் அப்போது ஓங்கியிருந்தது. பெற்றோர் இருவருக்கும் சமப் பொறுப்பு இருப்பதே குழந்தைக்கு நல்லது என்ற சட்ட அனுமானத்தை அந்தத் திருத்தம் கொண்டுவந்தது. சமப் பொறுப்பு என்றால் நாள்களையும் சரிபாதியாகப் பிரிப்பது என்று பலர் தவறாக எடுத்துக்கொண்டார்கள். வன்முறை இருந்ததாக நம்ப நியாயமான காரணம் இருந்தால் அனுமானம் பொருந்தாது என்ற விலக்கும் அதில் இருந்தது. ஆனால் கூடவே இரண்டு விதிகள் வந்தன. ஒன்று, மற்றவரோடு குழந்தை நெருங்கிப் பழக ஒருவர் எவ்வளவு இணக்கமாக உதவுகிறார் என்று பார்ப்பது. மற்றொன்று, தெரிந்தே பொய்ப்புகார் சொன்னவர் வழக்குச் செலவைக் கட்ட வேண்டும் என்பது. அடிபட்ட தாய்க்கு இவற்றின் விளைவு எளிதில் புரியும்: வாயைத் திறந்து, நிரூபிக்கவும் முடியாமல் போனால், பிள்ளையைத் தந்தையிடமிருந்து பிரிக்கப் பார்க்கும் பிடிவாதக்காரி என்று பெயர் வாங்குவாள். வன்முறையைச் சொல்லத் தயங்க வைக்கும் விதிகள் என்று விமர்சகர்கள் சாடினார்கள். அது நியாயமான சாடல்.

2009 ஜனவரியில் மெல்போர்னின் வெஸ்ட் கேட் பாலத்திலிருந்து நான்கு வயது மகளைத் தந்தையே வீசிக் கொன்றபோது நாடு அதிர்ந்தது. அதே ஆண்டு, குடும்ப நீதிமன்றங்கள் வன்முறையைக் கையாளும் விதத்தை முன்னாள் நீதிபதி ரிச்சர்ட் சிஸம் ஆராய்ந்தார். 2011 திருத்தம் மேற்சொன்ன இரு விதிகளையும் நீக்கியது. பெற்றோர் இருவருடனும் உறவு கொள்ளும் நன்மையைவிடக் குழந்தையின் பாதுகாப்பு கனமானது என்றது. அடக்கி ஆள்வது, பின்தொடர்வது, வளர்ப்புப் பிராணியைக் கொல்வது, செலவுக்குப் பணம் தராமல் முடக்குவது, சொந்தபந்தங்களிடம் அண்டவிடாமல் செய்வது ஆகியவையும் வன்முறையில் சேர்ந்தன. குழந்தையின் மேல் கை படாவிட்டாலும் அதற்குப் பாதிப்பு உண்டு என்பதற்குச் சட்டமே உதாரணம் காட்டுகிறது: அடிபட்டவரைத் தேற்றுவது, உடைத்துப்போட்ட பொருள்களைக் கூட்டி அள்ளுவது, போலீஸ் வரும்போது அங்கே இருப்பது. சட்டப் புத்தகத்தில் இவ்வளவு வீட்டு வாடை வீசும் பகுதி அதிகம் இல்லை.

சம அனுமானம் மட்டும் அதற்குப் பிறகும் நீடித்தது. பெண்கள் வன்முறைக் கதைகளைக் கட்டிவிடுகிறார்கள் என்று 2019இல் வானொலியில் சொன்ன செனட்டர் பாலின் ஹான்சன், குடும்பச் சட்டத்தை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவின் துணைத் தலைவராகவும் இருந்தார். கடைசியில் 2023 திருத்தம் அனுமானத்தை எடுத்துவிட்டது. 2024 மே 6 முதல் அது நடைமுறையில் உள்ளது. குழந்தையின் நலனுக்காக நீதிமன்றம் பரிசீலிக்க வேண்டியவற்றின் நீண்டு கிடந்த பட்டியலும் சுருங்கியது. பாதுகாப்பு, குழந்தையின் விருப்பம், அதன் தேவைகள், அவற்றை நிறைவேற்றும் திறன், ஆபத்தில்லாத அளவுக்குப் பெற்றோருடனான உறவு, வேறு ஏதேனும் இருந்தால் அதுவும். பழங்குடிக் குழந்தைகளுக்கு அவர்களது பண்பாட்டுப் பிணைப்பு தனி.

நடைமுறையிலும் மாற்றங்கள் வந்திருக்கின்றன. சாட்சிக் கூண்டில் நிற்கும் அடிபட்டவரை அடித்தவரே குறுக்கு விசாரணை செய்யும் கொடுமைக்கு, தண்டனையோ இறுதிப் பாதுகாப்பு உத்தரவோ உள்ள வழக்குகளில் 2019 முதல் தடை. வழக்கறிஞர் வழியாகத்தான் கேட்க வேண்டும். குடும்ப நீதிமன்றத்தின் 'லைட்ஹவுஸ்' திட்டத்தில், மனு வந்த கையோடு ரகசியக் கேள்வித்தாள் மூலம் அபாயம் அலசப்படுகிறது. ஆபத்து மிகுந்தவை, அந்நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி எலிசபெத் எவாட் பெயரிலான தனிப்பட்டியலுக்குப் போகின்றன.

தீராத முடிச்சு ஒன்றும் இருக்கிறது. 'கிட்டே வராதே' என்ற பாதுகாப்பு உத்தரவை மாநில நீதிமன்றம் தருகிறது. குழந்தைச் சந்திப்பு உத்தரவு கூட்டாட்சிச் சட்டத்தின்படி வருகிறது. இரண்டும் மோதினால், மோதும் அளவுக்குக் கூட்டாட்சி உத்தரவே செல்லும். ஆபத்து தெரிந்தால் சந்திப்பு உத்தரவை மாற்றவோ நிறுத்தவோ மாநில நீதித்துறை நடுவருக்கும் அதிகாரம் உண்டு. யாராவது கேட்டும் செய்யலாம், கேட்காமல் அவராகவும் செய்யலாம். ஆனால் வழக்கறிஞர் இல்லாமல் நிற்கும் பெண்ணுக்கு அப்படியொரு பிரிவு இருப்பதே தெரியாமல் போகலாம்.

2025 ஜூன் 10 முதல் வன்முறை வரையறைக்குள் பொருளாதாரக் கொடுமை விரிவாகச் சேர்ந்துள்ளது. வரதட்சணை கேட்டு மிரட்டுவதும் அதில் ஓர் உதாரணமாக இடம்பெற்றிருக்கிறது. நம்மூரிலிருந்து அங்கே குடியேறிய குடும்பங்களில், நகையும் பணமும் கேட்டு மிரட்டி நெருக்குவதையும் குழந்தைப் பொறுப்பு வழக்கில் வன்முறை என்றே இனி முன்வைக்கலாம்.