இருட்டறையும் எண்ணும்

நம் தம்பி மகள் பிளஸ் டூ தேர்வில் நல்ல மதிப்பெண்களோடு தேறியபோது மேலப்பாளையத்து இல்லத்தில் எழுந்த மகிழ்ச்சி இரண்டு நாள்கள்கூட நிலைக்கவில்லை. மூன்றாம் நாள், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்கப் போவதாக அவள் தெரிவித்தாள். 'விஸ்காம்' என்று பிள்ளைகள் சுருக்கி அழைக்கும் அப்பாடத்தில் என்னதான் கற்பிக்கிறார்கள் என்று அவளுடைய உம்மா விசாரித்தபோது, திரைப்பட வரலாறு, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, கணினியில் உருவம் சமைத்தல் என்று விடை வந்தது. "ஆலிம் வீட்டுப் பிள்ளை சினிமா படிக்கவா?" என்று பெரியவர்கள் வெகுண்டார்கள். வழக்கு நம்மிடம் வந்து சேர்ந்தது.

நாமும் உடனே இசைந்துவிடவில்லை. நம் சிறு பிராயத்தில், ஊர்க்கோடி டூரிங் டாக்கீஸின் ஒலிபெருக்கி மாலையில் பாடத் தொடங்கியதும் மக்தபில் நம் உஸ்தாத் சாளரத்தைச் சாத்திவிடுவார்கள். அந்தச் சாளரம் நம் உள்ளத்தில் நெடுங்காலம் சாத்தியபடியே கிடந்தது என்பதை மறைப்பதற்கில்லை. "பெரியவாப்பா, ஒருநாள் கல்லூரிக்கு வந்து பாருங்கள். அதன் பிறகும் வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் நான் கேட்டுக்கொள்கிறேன்" என்றாள் பிள்ளை. போனோம்.

துறைப் பேராசிரியர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். மூத்த மாணவர்களின் வகுப்பில் நமக்கும் ஒரு நாற்காலி போட்டார். கரும்பலகையில் '1895, பாரிஸ்' என்று எழுதிப் பாடம் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் நாள் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்று மக்களுக்கு அசையும் படம் காட்டியதிலிருந்து திரைப்படத்தின் கதையைச் சொன்னார். குறை சொல்ல ஏதுமில்லை. ஆயினும், மத்ரஸாவில் பழைய கிதாபுகளோடு பழகிய நமக்கு ஓர் உறுத்தல். வகுப்பு முடிந்ததும் அவரிடம், "இதற்கு எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் இருட்டறை இருந்தது, அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாமே" என்றோம். "நீங்களே வந்து சொல்லுங்கள், ஹஜ்ரத்" என்று அவர் கூறிவிட்டார். அவ்வாறு சொல்வதற்காகத் தேடித் தொகுத்தவற்றின் ஒரு பகுதியே இக்கட்டுரை.

அபூ அலீ அல்-ஹஸன் இப்னுல் ஹைஸம் ஹிஜ்ரி 354இல், அதாவது கி.பி. 965இல், பஸராவில் பிறந்தவர். நைல் நதியின் வெள்ளத்தை ஒழுங்குபடுத்த முடியும் என்று கூறி எகிப்துக்கு வந்தார் என்றும், நதியை நேரில் கண்டபின் அது ஆகாத காரியம் என்றுணர்ந்து, கலீஃபா ஹாக்கிமின் சினத்துக்கு அஞ்சிப் பித்தர்போல் நடித்து வீட்டுக்குள் அடைபட்டிருந்தார் என்றும் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். கதை எவ்வளவு உண்மையோ, அவர் கெய்ரோவில் வாழ்ந்து 1040 அளவில் மறைந்தார் என்பதும், ஏழு பாகங்கள் கொண்ட 'கிதாபுல் மனாழிர்' என்னும் பார்வையியல் நூலை யாத்தார் என்பதும் உறுதி. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே நாம் காண்கிறோம் என்று கிரேக்க அறிஞர் பலர் கருதியிருந்தனர். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று இவர் சோதனைகளால் நிலைநாட்டினார்.

அச்சோதனைகளுள் ஒன்று நம் பொருளுக்கு அடிப்படை. ஓர் இருண்ட இடத்திற்குள் திறக்கும் சிறு துளை. அத்துளைக்கு எதிரே, வெளியில், தனித்தனியே வைக்கப்பட்ட பல விளக்குகள். உள்ளே சுவரில் விளக்குகளின் எண்ணிக்கைக்கேற்ப ஒளித் திட்டுகள் விழுகின்றன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய திட்டு மட்டும் மறைகிறது. மறைப்பை எடுத்தால் மீண்டும் தோன்றுகிறது. அத்தனை ஒளியும் ஒரே துளையின் வழியே சென்றும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் நேர்க்கோட்டிலேயே செல்கிறது. புகைப்படக் கருவியின் கண்ணாடிவில்லைக்குப் பின்னே இன்றும் நிகழ்வது இதுதான். கிரகண வேளையில் சூரியப் பிறை துளை வழியே பிறையாகவே விழுவது ஏன் என்பதைப் பற்றியும் அவர் தனியே ஒரு நூல் எழுதியிருக்கிறார்.

இங்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். 'கேமரா' என்ற சொல்லே அரபியிலிருந்து வந்தது என்று நம்மவர் சிலர் மேடைகளில் முழங்குகின்றனர். அது தவறு. அறை என்று பொருள்படும் இலத்தீன் சொல் அது. அதன் வேர் கிரேக்கம். துளை வழியே உருவம் விழுவதைச் சீனத்து மோ-ட்சுவின் மரபினரும், கிரேக்கத்து அரிஸ்டாட்டிலின் மரபினரும் முன்பே கண்டிருக்கின்றனர். இப்னுல் ஹைஸமின் சிறப்பு அதைக் கண்டதில் இல்லை. முறையாகச் சோதித்து விளக்கியதில் இருக்கிறது. இல்லாத பெருமையைச் சேர்த்தால் உள்ள பெருமையும் ஐயத்துக்கு உள்ளாகும். அவருடைய நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாஸல் நகரில் அச்சேறி, ஐரோப்பிய அறிஞர்களின் பாடநூலாயிற்று. இதுவே போதுமான பெருமை.

இருட்டறையில் உருவம் விழுந்தது, ஆனால் தங்கவில்லை. கதிரவன் சாய்ந்தால் அதுவும் போய்விடும். அதைத் தகட்டில் பிடித்து நிறுத்தும் இரசாயனத்தைப் பிரான்சு நாட்டு தாகேர் 1839இல் உலகுக்கு அறிவித்தார். நின்ற உருவம் 1895இல் அசைந்தது. மறு ஆண்டே, 1896 ஜூலை 7இல், பம்பாயின் வாட்சன் ஓட்டலில் அது காட்டப்பட்டது. 1905இல், திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டினார். நம் உஸ்தாத் சாளரம் சாத்திய டாக்கீஸின் பாட்டனார் அவரே.

உருவம் நிலைத்துவிட்டபோது மார்க்க வினாவும் எழுந்தது. உயிருள்ளவற்றை உருவாக்குவதைக் கண்டிக்கும் நபிமொழிகள் புகைப்படத்துக்கும் பொருந்துமா? எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல்-முத்தீஈ, 1935இல் மறைந்தவர், இது குறித்துத் தனி நூல் எழுதி, புகைப்படம் என்பது படைத்தல் அன்று, நிழலைப் பிடித்து நிறுத்தலே என்று வாதிட்டார். அதை ஏற்காத ஆலிம்கள் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். ஆயினும் ஹஜ்ஜுக்குச் செல்லக் கடவுச்சீட்டு, கடவுச்சீட்டுக்குப் படம் என்றான பிறகு, இவ்வினா எந்த வீட்டையும் தீண்டாமல் விடவில்லை. எதைப் படமெடுப்பது, எதைக் காட்டுவது என்ற வினா வேறு. கருவியின் இயல்பு என்ன என்ற வினா வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டதே நம் குடும்பங்களின் அச்சத்துக்குப் பாதிக் காரணம் என்பது நம் கருத்து.

இனி, இக்கலை கல்விக்கூடத்துக்குள் வந்த கதை. 1919இல் மாஸ்கோவில் தொடங்கப்பெற்றதே உலகின் முதல் திரைப்படப் பள்ளி. நம் நாட்டில் எஸ்.கே. பாட்டீல் தலைமையிலான விசாரணைக் குழு 1951இல் அளித்த அறிக்கையில் பயிற்சி நிறுவனம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1960இல் புனேயில், பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில், அரசின் திரைப்பட நிறுவனம் உருவாயிற்று. 1964இல் அங்கேயே திரைப்பட ஆவணக் காப்பகமும் வந்தது. சென்னையில் அரசின் திரைப்படத் தொழில்நுட்பப் பயிற்சி அதற்கும் முற்பட்டது. அடையாறு திரைப்படக் கல்லூரி என்று மக்கள் அழைத்த அந்நிறுவனம் இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரைத் தாங்கி நிற்கிறது. 1986இல் வெளிவந்த 'ஊமை விழிகள்' அங்குப் பயின்ற இளைஞர்கள் சேர்ந்து உருவாக்கிய படம். அதற்குப் பின்னரே, படித்துவிட்டு வந்தும் படமெடுக்கலாம் என்று தமிழ்த் திரையுலகம் ஒப்புக்கொண்டது எனலாம்.

ஆனால் புனேயும் அடையாறும் திருநெல்வேலிப் பிள்ளைக்கு எட்டுமா? தடை தூரம் மட்டுமன்று. 35 மி.மீ. படச்சுருளில் 1,000 அடி ஓடித் தீர 11 நிமிடங்களே ஆகும். அதை வாங்கவும் கழுவவும் ஆகும் செலவை எந்தக் கலைக் கல்லூரியும் தாங்காது. வீடியோ நாடாவும், பின்னர் கணினியும் வந்த பிறகே இப்பாடம் கலைக் கல்லூரிகளின் வாசலை மிதித்தது. 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றியது. ஒரு நாடக நூலின் பெயரையும் அதன் ஆசிரியர் பெயரையும் சேர்த்துச் சூடிய அப்பல்கலைக்கழகத்தில் தகவல் தொடர்பியலுக்கும் ஒரு துறை அமைந்தது. பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் இடம் பெற்றது.

கல்லூரிக்கு வெளியிலும் ஒரு வகுப்பு நடந்தது. புதுமைப்பித்தன் கதையின் பெயரால் 'காஞ்சனை' என்ற திரைப்பட இயக்கத்தை நெல்லையில் ஆர்.ஆர். சீனிவாசன் நடத்தி, உலகப் படங்களை இவ்வூர் இளைஞர்களுக்குக் காட்டினார். 1999 ஜூலை 23இல், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காக மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற பேரணி மீது காவலர் தடியடி நடத்த, 17 பேர் தாமிரபரணிக் கரையில் உயிரிழந்தனர். அவர்களுள் ஒன்று கைக்குழந்தை. அன்றைய காட்சிகளைக் கொண்டு சீனிவாசன் உருவாக்கிய ஆவணப்படம் 'நதியின் மரணம்'. அந்த ஆற்றங்கரையில் வாழ்கிற நாம் அதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் பார்த்தோம். சாட்சியம் என்பதற்கு ஃபிக்ஹு நூல்களில் எத்தனையோ நிபந்தனைகள் படித்திருக்கிறோம். கண்ணால் கண்டவர் வாய் திறக்க அஞ்சும் இடத்தில் ஒரு கருவி கண்டு வைத்திருப்பதன் கனம் அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

வகுப்புகளில் நாம் கண்ட குறையையும் சொல்லிவிடுவோம். பிள்ளைகளின் விரல்கள் கணினியில் விரைகின்றன. ஏன் அவ்வாறு ஆகிறது என்று கேட்டால் விழிக்கின்றனர். மென்பொருள் ஆண்டுக்கொரு முறை மாறும். ஒளியின் இயல்பு மாறாது. தமிழில் பாடநூல்களும் போதவில்லை. தமிழ்த் திரைப்பட வரலாற்றுக்கு அடித்தளமிட்ட நூலை 1981இல் ஆங்கிலத்தில் எழுதிய சு. தியடோர் பாஸ்கரனும் அஞ்சல் துறை அதிகாரியே அன்றி எக்கல்லூரியின் பேராசிரியரும் அல்லர்.

இன்றைய கணினிக் கலையில் உருவம் ஒளியாக வந்து எண்ணாக மாறுகிறது. 1957இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தம் கைக்குழந்தையின் புகைப்படத்தை 176 வரி, வரிக்கு 176 கட்டம் என 30,976 சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் கறுப்பா வெள்ளையா என்பதை எண்ணாக்கிக் கணினிக்குள் செலுத்தினார். அவ்வெண்களைக் கணினி கையாளும் வழிமுறைக்கு 'அல்காரிதம்' என்று பெயர். பக்தாதில் ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மீ, இந்திய எண்களால் கணக்கிடும் முறையை விளக்கி எழுதிய நூல் இலத்தீனுக்குப் போனபோது அவர் பெயரே அச்சொல்லாகத் திரிந்தது. இது மேடைப் பெருமையன்று. அகராதிகள் ஒப்பும் செய்தி.

இதைச் சொன்னபோது மாணவர் முகங்களில் தெளிவு இல்லை. ஆகவே பத்தமடைப் பாயைச் சொன்னோம். சேரன்மாதேவிக்கு அருகே நம் லெப்பைக் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்கள், கோரையைத் தாமிரபரணி நீரில் ஊறவைத்து, நார்போல் கிழித்து, சாயமேற்றிப் பட்டுப்பாய் நெய்கின்றனர். பூவோ பெயரோ பாயில் எழ வேண்டுமானால், எத்தனை பாவு நூல் தாண்டிச் சாயக் கோரையை நுழைப்பது என்று எண்ண வேண்டும். ஒன்று பிசகினால் உருவம் கோணும். கட்டம் கட்டமாக எண்ணி உருவம் சமைப்பதே கணினியின் வேலையும். வகுப்பில் பத்தமடைப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். "எங்கள் கண்ணும்மா எண்ணிக்கொண்டேதான் எங்களோடு பேசுவார்கள்" என்றாள். அதற்குப் பிறகு நாம் விளக்க ஒன்றுமில்லாமற் போயிற்று.

அன்று பேராசிரியர் சாளரங்களை எல்லாம் அட்டையால் அடைத்து, ஓர் அட்டையில் மட்டும் நாணயம் அளவு துளையிட்டார். கண் இருளுக்குப் பழகச் சில நிமிடங்கள் ஆயின. பிறகு எதிர்ச் சுவரில் முற்றத்து வேப்பமரம் தலைகீழாக, பச்சை நிறத்தோடு, காற்றில் அசைந்துகொண்டு தோன்றிற்று. மிதிவண்டியில் ஒருவர் தலைகீழாகக் கடந்து போனார். பிள்ளைகள் கூச்சலிட்டனர். நூலில் படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்த நாமும் நம் கண்ணால் அன்றுதான் முதன்முறையாகக் கண்டோம்.

தம்பி மகள் அவ்வாண்டே சேர்ந்து, இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விளக்குகளின் சோதனை வரும் பகுதியைத் தன் வகுப்புக்குத் தமிழில் தர வேண்டும் என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை மாலைகளில் இருவரும் அமர்ந்து பெயர்க்கிறோம். நான்கு பக்கங்கள் முடிந்துள்ளன. 'சூரத்' என்ற சொல்லில் நிற்கிறோம். ஃபிக்ஹு நூல்களில் அது வரைந்த உருவத்தைக் குறிக்கும். இப்னுல் ஹைஸமிடத்தில், பொருளிலிருந்து கண்ணுக்கு வந்து சேரும் ஒளி, நிறம் ஆகியவற்றின் வடிவைக் குறிக்கும். நாம் 'உரு' என்று எழுதினோம். அவள் அதை அடித்து, வகுப்பில் வழங்கும் 'பிம்பம்' என்பதை எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை பேசி முடிவு செய்ய வேண்டும்.