தேன்சிட்டின் வரவு செலவு: ஏலமலைத் தொழிலின் தாக்குப்பிடிப்பு குறித்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும் ரீங்காரச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. ஏலமலையின் போடிமெட்டுச் சரிவில் பூவுக்குப் பூ தேன் தேடுபவை தேன்சிட்டுகள். இரண்டுக்கும் நெருங்கிய உறவில்லை. ஆனால் பிழைப்பு ஒன்றே. கெடுகாலத்தில் செலவை வரவுக்கேற்ப உடனே சுருக்கத் தெரிந்த தொழிலே நிலைக்கும் என்பதை இப்பறவைகளையும் ஏலக்காயையும் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பறவையின் கணக்கு

2.1 இரவுச் செலவு

குளிர்ந்த இரவில் ரீங்காரச்சிட்டு தன் உடல் வெப்பத்தையே இறக்கிவிடும். ஆண்டிஸ் மலையில் ஓர் இனத்தின் வெப்பம் சுமார் 3.3 டிகிரி செல்சியஸ்வரை இறங்கியதை 2020இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. இதயத் துடிப்பு வெகுவாகக் குறையும், நிற்காது. விடியும்போது உடல் மீண்டும் சூடேற, பறவை பறக்கும்.

2.2 காவல் செலவு

பிராங்க் கில், லாரி உல்ஃப் இருவரும் கென்யாவின் பொன்சிறகுத் தேன்சிட்டை ஆராய்ந்து 1975இல் எழுதியது தொழில் செய்பவர் எவரும் அறிய வேண்டிய கணக்கு. மணிக்கு, சும்மா இருக்க 400 கலோரி; தேன் தேட 1,000; எதிரியை விரட்ட 3,000. பூவில் தேன் ஓரளவு கூடி, தேடும் நேரம் மிச்சமானால்தான் பறவை காவல் காக்கும். தேன் வற்றினாலும் விட்டுவிடும். எங்கும் பெருகினாலும் விட்டுவிடும். அதனிடம் வீம்பு இல்லை.

3. ஏலத்தின் கணக்கு

போடி ஸ்பைசஸ் போர்டு ஏல மையத்தில் வியாபாரிகள் சாம்பிள் காயைக் கொட்டி, பச்சை நிறமும் பருமனும் பார்த்தே கணினியில் விலை ஏற்றுகிறார்கள். 2018 கேரள வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் விளைச்சலைக் குறைக்க, 2019 ஆகஸ்டில் மலையின் மறுபக்கம் புத்தடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டது. 2022இல் விலை ஆயிரத்துக்கும் கீழே. ஏழாயிரத்தை நம்பிக் குத்தகையும் கடனும் ஏற்றிய தோட்டம் எப்படித் தாங்கும்? நிழல் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியவருக்கு இன்னொரு வரவு இருந்தது. தேன்சிட்டும் தேனோடு பூச்சியையும் சிலந்தியையும் பிடித்துத் தின்னும். குஞ்சு வளர்வது பெரும்பாலும் அவற்றால்தான்.

விலையை நாம் மட்டும் காவல் காக்கவும் முடியாது. ரீங்காரச்சிட்டுகள் வாழும் குவாத்தமாலா ஏலக்காய் ஏற்றுமதியில் நம்மை முந்திப் பல ஆண்டுகள் ஆகின்றன.

4. குறைக்கக் கூடாதது

செலவைச் சுருக்குவதற்கும் எல்லை உண்டு. குளிர் இரவிலும் ரீங்காரச்சிட்டின் இதயத் துடிப்பு நிற்பதில்லை; ஏலத்தோட்டத்தின் துடிப்பு தேனீ. ஏலப்பூ, தரையோடு படரும் சரத்தில் விடிகாலை மலர்ந்து ஒரே நாளில் வாடும்; அன்றைக்குள் தேனீ வராவிட்டால் காய் இல்லை. காட்டு ஏலத்துக்குத் தனித்து வாழும் தேனீக்களும் தோட்ட ஏலத்துக்குக் கூட்டமாய் வாழும் தேனீக்களும் முக்கிய மகரந்தச் சேர்ப்பிகள் என்று 2009இல் வெளிவந்த மேற்குத் தொடர்ச்சி மலை ஆய்வு காட்டியது. நிழல் மரத்தை விற்பதும் மருந்தை அள்ளித் தெளிப்பதும் இந்தத் துடிப்பையே நிறுத்துபவை. தோட்டக்காரர்கள் வேறெதைக் குறைத்தாலும் தேனீயைக் குறைக்கக் கூடாது. அதற்கு, பூ விரிந்திருக்கும் முற்பகலில் மருந்தடிப்பதை இந்தப் பருவத்திலேயே நிறுத்த வேண்டும்.