நாற்றங்கால் வழியே ஒரு வேலை

பெங்களூரில் 1959இல் என். எஸ். ஹேமா தொடங்கிய ஏ.பி.டி. அமைப்பு, மாற்றுத்திறனாளிகளுக்குப் பள்ளியோடு நின்றுவிடாமல் 1988இல் ஜீவன் பீமா நகரில் தோட்டக்கலைப் பயிற்சியையும் ஆரம்பித்தது. பூங்காக்களுக்குப் பேர்போன ஊரில் தோட்டக்காரருக்கு வேலை கிடைக்காமல் போகாது என்பது கெட்டிக்காரக் கணக்குதான். செம்மண், மணல், தொழுவுரம் கலந்து பையில் நிரப்பி, விரல் நுனியால் குழி பறித்து நாற்றை ஊன்றும் கைக்கு எழுத்துத் தேர்வு தேவையில்லை.

மண்வெட்டியைக் கொடுத்து ஓரங்கட்டிவிட்டார்கள் என்று இதை ஆட்சேபிப்பவர்கள் உண்டு. கூலி குறைவு என்பதும் நியாயம்தான். ஆனால் 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அரசு வேலையில் தந்த 3 சதவீத ஒதுக்கீடு பார்வை, செவி, கைகால் குறைபாடுகளோடு முடிந்துபோனது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு வேலையில் ஒதுக்கீடு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அவர்களுக்குத் திறந்திருந்த சில வாசல்களில் நாற்றங்காலும் ஒன்று.