சிவப்புக்கு விதித்த தடை

புசா ரோட்டில் தங்கியிருக்கும் அறைக்குச் சிவப்புத் திரைச்சீலை வாங்கினேன். 'இவ்வளவு அடர்நிறமா? வெளிர்நிறந்தானே நாகரிகம்!' என்றார் நண்பர். வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது.

சோழமண்டலக் கரையின் சாயத்தொழிலாளர் சாயவேரையும் படிகாரத்தையும் கொண்டு பருத்தியில் ஏற்றிய சிவப்பு, துவைத்தாலும் எளிதில் வெளுக்காது. 17ஆம் நூற்றாண்டில் அத்துணிகள் ஐரோப்பாவில் உடையாகவும் திரையாகவும் படுக்கை விரிப்பாகவும் பரவின. அங்குள்ள கம்பளி, பட்டு நெசவாளர்கள் அஞ்சினர். பிரான்சு 1686 முதல் 1759 வரை அவற்றைத் தடைசெய்தது. இங்கிலாந்தின் 1721ஆம் ஆண்டுச் சட்டம், முழுநீலத் துணி முதலிய சில நீங்கலாக, சாயமிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையும் வீட்டு அலங்காரத்தில் பயன்படுத்துவதையும் ஒருசேரத் தடுத்தது. ஆக, அன்று அடர்நிறம் விலக்கப்பட்டதற்குக் காரணம் சந்தைப் போட்டி. மக்களோ அதை விரும்பியே வாங்கினர்.

1868இல் செருமானிய வேதியியலாளர்கள் சாயவேரிலுள்ள அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினர். அதன்பின் வேர் தோண்டும் தொழில் நலிந்தது. ஆங்கில அகராதிகளில் 'சாய' என்னும் நம் சொல் இன்றும் வேரின் பெயராக நிற்கிறது. உங்கள் ஊர் மூத்தோரிடம் 'சாயவேர்' வழக்கில் உள்ளதா? கேட்டெழுதுங்கள்.